மீட்டிங் ரூமிலிருந்து அழைப்பு

குளிர் அறையின் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். பிறகு வெளியிலிருந்துதான் திறக்க முடியும். செல்போனுக்கு உள்ளே சிக்னல் கிடையாது. புதுக் கைப்பிடி வரும்வரை, ஆபீஸ் அறைகளுக்கு வந்த புது போன்களில் ஒன்றை அங்கேயும் மாட்டச் சொல்லியிருந்தார் மேனேஜர். பூஜ்யத்தை அழுத்தினால் வாசல் காவலாளிக்கு மணி அடிக்கும்.

உள்ளே சரக்கைச் சரிபார்ப்பது, போன்களை அமைக்கும் டெக்னீஷியனின் அக்கா.

"போன் வேலை செய்யும்ல? உன்னை நம்பித்தான் போறேன்."

"செய்யாம? நீ பேசற பேச்சுக்கு அதுவா கட் பண்ணிக்காம இருந்தா சரி."

அவள் தடித்த கையுறையாலேயே அவன் மண்டையில் தட்டிவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு போனின் முதுகிலும் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணின் பெயரில் சர்வரில் ஒரு ஃபைல் போட்டுவைத்தால் போதும். மின்சாரம் வந்ததும் போன் தன் ஃபைலைத் தேடி எடுத்துக்கொள்ளும். தான் எந்த அறை, தன் நம்பர் என்ன என்பதெல்லாம் அதற்கு அப்படித்தான் தெரியும். எண்களை அவன் காலிப் பெட்டிகளின் ஸ்டிக்கரைப் பார்த்து அடித்திருந்தான். போன்களைக் காலையிலேயே பிரித்து மேஜையில் அடுக்கியாயிற்று. பெட்டி வரிசைப்படி எடுத்துக் கொடுத்தான். எலக்ட்ரீஷியன் மாட்டினார். குளிர் அறைக்குள் அவன் போகவில்லை. சர்வரில் பார்த்தான். போனுக்கு ஒரு வரி, எல்லா வரியும் பச்சை.

சனிக்கிழமை. மதியத்தோடு ஆபீஸ் காலி. மாடியில் சர்வர் அறையில் அவன் மட்டும் இருந்தபோது காவலாளி அழைத்தார்.

"தம்பி, மீட்டிங் ரூம்ல பேய் பூந்துடுச்சு."

"என்னண்ணே?"

"அங்கேருந்து போன் மேல போன். எடுத்தா ஒரே இரைச்சல். நடுவுல யாரோ முனகற மாதிரி இருக்கு. போய்ப் பார்த்தேன், ஈ காக்கா இல்லை. இதோ, இன்னொரு லைன்ல மறுபடி அடிக்குது."

"புது போன்ணே, மக்கர் பண்ணுது. இங்கேருந்தே ரீஸ்டார்ட் பண்றேன்."

"பேயையும் சேர்த்துப் பண்ணு."

மீட்டிங் ரூம் என்ற வரியில் பொத்தானை அழுத்தினான். பச்சை சிவப்பானது.

"நின்னுடுச்சு. கில்லாடிப்பா நீ."

சற்று நேரத்தில் வரி மறுபடி பச்சையானது. உடனே அழைப்பு. அழுத்தினான். சிவப்பு. பச்சை. அழைப்பு. அழுத்தினான்.

அதன் பிறகு அழைப்பு வரவில்லை.

கிளம்பும்போது மீட்டிங் ரூமை எட்டிப் பார்த்தான். நீள மேஜையின் நடுவில் போன் இருந்தது. ரிசீவரை எடுத்தான். இரைச்சல் ஏதுமில்லை. தெளிவான டயல் டோன். திரை ஒளிர்ந்தது.

குளிர் அறை.

வைத்துவிட்டு மறுபடி எடுத்தான். அதே எழுத்து.

படிகளில் இறங்கும்போதே கத்தினான்.

"அண்ணே, அக்கா வெளியே வந்தாளா?"

"இல்லையே தம்பி. வண்டி இங்கேதானே நிக்குது?"

அவன் நிற்காமல் ஓடினான். காவலாளியும் பின்னாலேயே ஓடினார்.

கதவை இழுத்ததும் வெண்புகை காலில் படர்ந்தது. விசிறிகளின் இரைச்சல். சுவரில் ரிசீவர் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே திரையில் மீட்டிங் ரூம் என்று இருந்தது. கீழே தரையில் ஒரு கையுறை.

"அக்கா!"

அடுக்குகளுக்கு அப்பால் இருட்டு.

"விசிறியை நிறுத்துங்கண்ணே. ஒண்ணும் கேக்கலை."

காவலாளி நிறுத்தினார்.

அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.