பாதியில் தூங்கிய படங்கள்

…இன்னும் பாதிகூட ஆகவில்லை, இந்தக் கம்ப்யூட்டரின் வயசுக்கு இதுவே அதிகம், படத்தைச் சின்னத் திரைக்கு மாற்ற டிவிடியை உள்ளே தள்ளினால் முதலில் ஒரு முனகல், அப்புறம் ஒரு சுற்றல், அப்புறம் நீலக் கோடு ஒன்று திரையில் ஊர ஆரம்பிக்கும், அது ஊர்ந்து ஊர்ந்து வலது ஓரத்தைத் தொடுவதற்குள் படத்தையே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிடலாம். மகள் விடுதியிலிருந்து போனில் சொல்லிக்கொடுத்தபோது எல்லாம் எளிதாகத்தான் இருந்தது. "சின்ன ஸ்கிரீன்னு ஒண்ணு இருக்கும்பா, அதை அமுக்குங்க, எந்த மொழின்னு பார்த்துக்குங்க, ஸ்டார்ட் கொடுங்க, அவ்வளவுதான்." அந்த மொழி விஷயத்தில்தான் காலையில் முதல் படத்திலேயே அவன் கோட்டை விட்டான். படம் முழுக்க மாறி வந்துவிட்டது, மாறின பிறகு போட்டுப் பார்த்தால் கதாநாயகி அழுவதற்கு வாயைத் திறக்கிறாள், ஓர் ஆண் குரல் வருகிறது, 'அன்னைக்கு ஒரே மழைங்க, சாப்பாட்டு வண்டி வேற சேத்துல மாட்டிக்கிச்சு' என்று. படம் எடுத்தவரும் கேமராக்காரரும் உட்கார்ந்து அரட்டை அடிக்கிற ஒலித்தடமாம் அது, எதற்குத்தான் இதையெல்லாம் ஒரு தட்டில் போட்டு வைக்கிறார்களோ! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான், அவள் சிரித்தாள், சிரித்த மாத்திரத்தில் உள்ளங்கையைக் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள், அவன் சட்டென்று நிறுத்திவிட்டான்… சிரித்தால் தையல் இழுக்கிறது என்று அவள்தான் சொல்லியிருந்தாளே, அது எப்படி மறந்தது?

நாளைக்கு அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடவேண்டும். கழுத்தில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று, மிச்சம் மீதி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அழிக்க ஒரு மாத்திரை, அதை விழுங்கினால் சில நாளைக்கு உடம்பிலிருந்தே கதிர் வீசும், யாரும் கிட்டே போகக் கூடாது. தடித்த சுவர் வைத்த அறை, சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள், போனில் சிக்னல் வராது, சுவரில் மாட்டிய ஒரு போன் மட்டும் உண்டு, கொண்டுபோகிற பொருளில் கதிர் ஒட்டியிருந்தால் அங்கேயே வைத்துக்கொள்வார்கள். அதனால்தான் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீடியோ கேம் விளையாடிய இந்தக் கையடக்கப் பெட்டி, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய திரை, ஓரத்தில் மகளின் பல் பட்ட தடம், போனால் போகட்டும் என்று விடக்கூடியது. பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்துப் போகலாமாம். படம் வேண்டுமானால் இதில் ஏற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை அவனுடையது. வேறு எதுவும் செய்வதற்கு இல்லாதவனுக்கு இந்த ஒன்றாவது இருக்கிறதே என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்வாளா? ஏதாவது கிண்டல் செய்வாள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன் அவன், பக்கத்து இருக்கையில் காலுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக், அதை அவசரப்பட்டு அமுக்கிவிடுகிறான் என்று பழகுகிறவர்கள் பின்னால் பேர் வைத்திருக்கிறார்கள், பிரேக் மாஸ்டர். அவள் அதை முன்னாலேயே சொல்லுவாள்.

எந்தப் படங்களை ஏற்றுவது என்பதில்தான் அவன் தடுமாறினான். அலமாரியில் இரண்டு அடுக்கு நிறைய இருக்கிறது, எல்லாம் அவன் ஆசை ஆசையாக வாங்கியது, ஆனால் இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்றும் தேறவில்லை, எதைத் தொட்டாலும் அதில் ஓர் ஆஸ்பத்திரி, ஒரு கட்டில், ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற ஒரு முகம். நாலு நகைச்சுவைப் படங்களை ஒதுக்கி வைத்தான். கதவருகே வந்து நின்று அவள் பார்த்தாள். "எதெல்லாம் போடுறீங்க?" என்று கேட்டாள். காட்டினான். "சிரிப்புப் படம் வேணாங்க, அங்க தனியா உக்காந்து சிரிச்சா பைத்தியம்னு நினைப்பாங்க. தையல் வேற. நான் பாதியில தூங்கிப்போன படமெல்லாம் இருக்குல்ல, அதைப் போடுங்க. முழுசாப் பார்க்க இப்பத்தான் நேரம் கிடைச்சிருக்கு." சொல்லிவிட்டுத் துணிப்பெட்டி அடுக்கப் போய்விட்டாள். அவன் கையில் டிவிடி உறையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவள் பேக்கரியில் வேலை செய்கிறவள், விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும், படம் பாதியைத் தாண்டுவதற்குள் தலை அவன் தோளில் சாய்ந்துவிடும், வாய் லேசாகத் திறந்துகொள்ளும், பதினெட்டு வருஷமாக இதே கதைதான். முதலில் பார்த்தது ஒரு லாரிப் படம், அண்ணன் தம்பி இரண்டு பேர், தம்பி பனி மூடிய மலைப்பாதையில் தனியாக லாரியை எடுத்துக்கொண்டு போகிறான், போனவன் போனவன்தான், கடைசிக் காட்சியில் அண்ணன் சாலையோரம் நிற்பதோடு படம் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் இருட்டில் ஷூ மாட்டிக்கொண்டே அவள் கேட்டாள், "அந்தத் தம்பி திரும்பி வந்தானா?" அவன் பாதித் தூக்கத்தில் இருந்தான், அவள் குனிந்திருந்தாள், வெளியே குளிர், முழு இருட்டுக்குள் தனியாக நடந்து போகப் போகிறவளிடம் செத்துப்போனான் என்று எப்படிச் சொல்வது… "வந்துட்டான், வழியில பெட்ரோல் பங்க்ல வண்டியப் போட்டுட்டுத் தூங்கியிருக்கான்" என்றான். அவள் அவ்வளவு சந்தோஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பார்வை போன பியானோ டீச்சருக்கு அவன் கண்ணைத் திருப்பிக் கொடுத்தான். துறைமுகத்தில் காணாமல்போன பையனை ஒரு சமையல்காரக் கிழவன் கப்பலிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தான், அந்தக் கிழவன் படத்திலேயே கிடையாது, அவனாகச் சேர்த்துக்கொண்டது. சில நாள் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாளைக்கு என்ன சொல்வது என்று மனசு கோத்துக்கொண்டிருக்கும், அவள் தலை தோளில் கனக்கும், திரையில் யாரோ செத்துக்கொண்டிருப்பார்கள், அவனுக்கு அவர்களைக் காப்பாற்றுகிற வேலை.

இப்போது அவளே பார்க்கப் போகிறாள். கிட்டே தோள் இல்லாத அறையில், வேலைக்குப் போகவேண்டிய அவசரம் இல்லாமல், தூக்கமும் வராமல். தம்பி வரமாட்டான். பியானோ டீச்சர் கண்கட்டை அவிழ்த்த பிறகும் விளக்கு எந்தப் பக்கம் என்று கேட்பாள். ஏன் இதைப் போய் யோசனை சொன்னோம், பேசாமல் இரண்டு வாரப் பத்திரிகை வாங்கிக் கொடுத்திருக்கலாம், அதுவும் அங்கேயே குப்பையில் போகும்… அப்போதுதான் திரையில் அது கண்ணில் பட்டது. எந்த அத்தியாயத்திலிருந்து எந்த அத்தியாயம் வரை மாற்ற வேண்டும் என்று கேட்கிற சின்னக் கட்டம். ஒன்று முதல் இருபத்திரண்டு வரை என்று இருந்தது. இருபத்திரண்டை அமுக்கிப் பத்தொன்பது ஆக்கினான். அவ்வளவுதானா? அவ்வளவுதான். துறைமுகப் படத்தின் கடைசித் துண்டை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்தான். தாய் துறைமுக மேடையில் நிற்கிறாள், தூரத்தில் கப்பல் திரும்புகிறது, வயலின் மேலே ஏறுகிறது, ஏறும்போதே கறுப்பு. நடுரோட்டில் வண்டி அணைந்து போன மாதிரி. இது அதைவிட மோசமோ? சுவர்ப் போனில் கூப்பிடுவாள், 'ஏங்க, படம் பாதியில நின்னுபோச்சு' என்பாள், தட்டில் கீறல் இருந்திருக்கும்மா என்று சொல்லிவிடலாம், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பாள், அவன் சொல்லுவான், பையன் கிடைச்சுட்டான்… அந்த இடத்தில் நினைப்பு கொஞ்சம் நின்றது. அப்படியானால் இது யாருக்காக? அவள் பயப்படக் கூடாது என்றா, இல்லை அவள் அவனிடம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்றா? கால் தரையில் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தது, பார்த்தால் ஒன்றுமில்லை, மேஜையின் குறுக்குச் சட்டம்.

"இது அந்தத் துறைமுகப் படமில்ல?" மடித்த பழைய துணிகளை மார்போடு அணைத்தபடி அவள் பின்னால் நின்றாள், அங்கேயே விட்டுவிட்டு வரக்கூடிய துணிகள். திரையில் துண்டு மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது, தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். "பாவம், கடைசி வரைக்கும் அந்தப் பையன் கிடைக்கவே மாட்டான்" என்றாள்.

அவனுக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை என்றுதான் தோன்றியது. "நீ பார்த்திருக்கியா?"

"பேக்கரியில டிவி ஒண்ணு இருந்துச்சே, மாவு உப்புற நேரத்துல சும்மாதானே உக்காந்திருப்போம். எப்பவோ அதுல போட்டான்."

"எப்போ?"

"பாப்பா சின்னப் பிள்ளையா இருக்கும்போது."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"என்ன சொல்ல? நீங்க சொன்ன கதை நல்லா இருந்துச்சு. அந்தச் சமையல்காரத் தாத்தா எப்ப வருவார்னு நானும் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தேன், வரவே இல்ல. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, ஓ, இவரு நம்மாளு கைச்சரக்குன்னு." சிரிக்க வந்ததைக் கழுத்தைப் பிடித்து அடக்கிக்கொண்டாள். "முழுசாவே போடுங்க. வெட்டி வெட்டிப் போடாதீங்க." உள்ளே போய்விட்டாள்.

பத்தொன்பதை மறுபடி இருபத்திரண்டு ஆக்கினான், ஸ்டார்ட் கொடுத்தான், முனகல், சுற்றல், நீலக் கோடு. மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என்றால்… அதற்கப்புறம் எத்தனை படம், எத்தனை காலை, அத்தனையிலும் தெரிந்துகொண்டே கேட்டாளா, அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு புளுகுவதை நின்று கேட்டு, அப்படியா, நல்லவேளை, என்று சொல்லிவிட்டுப் போனாளா? ஒரு தடவைகூட முகத்தில் ஒன்றும் தெரிந்ததில்லையே. பழக வருகிறவன் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடியிலேயே அவன் எங்கே தப்புச் செய்வான் என்று சொல்லிவிடலாம், இவள் முகத்தை மட்டும் படித்ததாக நினைத்து இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறான். கோபமா வந்தது? இல்லை, என்னவோ உள்ளே இளகியது, யாரோ ரொம்ப நாளாகப் போர்வையை இழுத்து மூடிவிட்டுக்கொண்டிருந்தது இப்போது தெரிந்த மாதிரி. அப்படி இளகிக்கொண்டு வந்தபோதுதான் இன்னொன்றும் கூடவே வந்தது. எடுத்த கட்டியின் சோதனை முடிவு தெரிந்த அன்று டாக்டரிடம் அவள் தனியாகத்தான் போனாள், அவனுக்குப் பழகுகிற ஒரு பையனை லைசென்ஸ் டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது, சாயங்காலம் வந்து பையை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள், 'ஒண்ணுமில்லைங்க, இருக்கிறதிலேயே லேசானது இதுதானாம், மாத்திரையோட சரியாயிடுமாம்.' அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி, 'சரியாயிடும்ல?' 'சரியாயிடும்.' கதிர், மாத்திரை, லேசானது, எல்லாம் அவள் வாயால் கேட்டதுதான். டாக்டர் வாயிலிருந்து அவன் ஒரு சொல்லும் கேட்டதில்லை.

எழுந்து அறைக்குப் போனான். ஜன்னல் வெளிச்சத்தில் கட்டிலில் உட்கார்ந்து, செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் எவனோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான், கியர் கத்தியது, எவன் சொல்லிக்கொடுத்தானோ. சார்ஜர் எடுத்து வச்சியா என்றுதான் கேட்பதாக இருந்தான். "டாக்டர் அன்னைக்கு முழுசா என்ன சொன்னாரு?" என்று வந்தது.

அவள் பையின் வாயை முடிச்சுப் போட்டாள். போட்டதை அவிழ்த்துத் திரும்பப் போட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும், அதற்குள்ளே அவன் அத்தனை காலைகளிலும் இருந்திருக்கிறான், பார்த்தது ஒரு கையிலும் சொல்லப்போவது ஒரு கையிலுமாக. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள், எதைத் தாங்குவான் என்று பார்க்கிற பார்வை. முழுசா என்று கேட்டவன் அவன்தான், ஆனால் அவள் பேச வாயெடுத்தபோது, எது வந்தால் தேவலை என்று அவனுக்கே தெரியவில்லை.