கட்டைவிரல் நாடி

டிரைவிங் ஸ்கூல்காரர் முதல் தடவை இறந்தபோது அவர் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: அவர் மனைவி, அவருடைய அண்ணன், அண்ணி, மனைவியின் தங்கை, எதிர்வரிசையில் மருந்துக்கடை வைத்திருப்பவர், நர்சிங் முதலாண்டு விடுமுறைக்கு வந்திருந்த ஒரே மகள். இந்த ஆறு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. நானும் கண்ணால் பார்த்தேன் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டவர்களை எல்லாம் உட்கார வைப்பதென்றால் அந்த அறையின் சுவரை இடிக்க வேண்டியிருக்கும். இறந்தவர் நாற்காலியில், கழுத்துப் பட்டனையும் போட்டுக்கொண்டு, இடது கையை நீட்டியபடி, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் குடும்பத்தில் யாரும் எந்த நிலையிலும் கூன் போட்டு உட்கார்ந்ததில்லை. அதன் பிறகு மூன்றரை வருடம் அவர் உயிரோடு இருந்து, பலருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

மகள் நர்சிங் படிப்பதில் அண்ணனுக்குச் சம்மதம் இருந்ததில்லை. கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. நர்சிங் இடம் கிடைத்த அன்று வீடு தேடி வந்து, "நம்ம வீட்டுப் பொண்ணு ஊரான் மூத்திரச் சட்டி எடுக்கவா?" என்று கேட்டார். "எடுக்கட்டுமேண்ணே, நாளைக்கு உங்களுக்கும் ஒருத்தர் எடுத்துத்தானே ஆகணும்?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். அதற்குப் பிறகு மழைக்காலம் முடியும்வரை அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. மகள் அரை நாள் பஸ் தூரத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அங்கே காலையில் சிற்றாலயத்தில் ஜெபம், பிறகு வகுப்பு, பிறகு வார்டு. துறைத் தலைவியை எல்லோரும் பெரிய மேடம் என்றார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் அந்த வளாகத்தில் இல்லை. முதல் வாரத்திலேயே அவர் இரண்டு விஷயம் சொல்லிக்கொடுப்பார். ஒன்று, நாடியை விரல்நுனிகளால் பார்க்க வேண்டும், கட்டைவிரலால் பார்க்கவே கூடாது. கட்டைவிரலுக்குச் சொந்தமாக நாடி உண்டு. அதை வைத்தால் நோயாளியின் நாடி தெரியாது, வைத்தவரின் நாடிதான் தெரியும். "செத்தவருக்கும் பல்ஸ் இருக்குன்னு சொல்லிட்டு வந்து நிப்பீங்க" என்பார். வருடா வருடம் பிள்ளைகள் இதற்குச் சிரிப்பார்கள், அவர் சிரிக்க மாட்டார். இரண்டாவது, தப்பாக எடுத்த அளவை எடுத்தவர்தான் திருத்த வேண்டும், அடுத்தவர் கை வைக்கக் கூடாது.

அந்த விடுமுறையில் அண்ணன் சமாதானமாகி வந்திருந்தார், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "என்னம்மா, இத்தனை மாசமா படுக்கை விரிக்கத்தான் சொல்லிக்குடுத்தாங்களாமே?" என்றார். டிரைவிங் ஸ்கூல்காரரின் காது மடல் சிவந்தது. "எல்லாருக்கும் பல்ஸ் பாரும்மா" என்று உத்தரவு போட்டார். அவள் ஒவ்வொருவராக, மூன்று விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, சொல்லிக்கொடுத்தபடியே எண்ணினாள். "எனக்கு மட்டும் என்ன எண்பத்தெட்டு?" என்று பெரியப்பா மல்லுக்கு நின்றார். "கோபப்படாதீங்க பெரியப்பா, இறங்கிடும்" என்றாள். அறையே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அப்பாதான். அந்தச் சிரிப்பிலேயே அவர் இதயம் நின்றது. சரிவில் நியூட்ரலில் விட்ட வண்டி சத்தமில்லாமல் இறங்குமே, அப்படி இருந்தது என்று அவர் பிறகு மனைவியிடம் சொன்னார். உதடு நீலம் பாய்ந்ததை மருந்துக்கடைக்காரர் மட்டும் கவனித்துவிட்டார். எழுந்து போய் வலது மணிக்கட்டைத் தொட்டார். அதில் ஒன்றுமில்லை. அவர் சொல்ல வாயைத் திறப்பதற்குள், சிரிப்பு அடங்காத மகள் இடது கையைப் பிடித்துவிட்டாள். நோயாளியின் கையைப் பிடிப்பதுபோல் அவள் பிடிக்கவில்லை. சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடிப்பாளே, அப்படிப் பிடித்தாள். அப்படிப் பிடித்தால் கட்டைவிரல்தான் மேலே விழும். எண்ணி முடித்து, "எழுபத்தாறு. ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள். டிரைவிங் ஸ்கூல்காரர் கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்து, "பாத்தீங்களா, உங்களைவிடக் குறைச்சல்" என்றார். மருந்துக்கடைக்காரர் மறுபடி வலது மணிக்கட்டைத் தொட்டார். எழுபத்தாறு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நல்ல மனிதர், அதற்குப் பிறகும் நெடுநாள் மூடியே வைத்திருந்தார்.

மகள் படிப்புக்குத் திரும்பினாள். அதிலிருந்து டிரைவிங் ஸ்கூல்காரரின் உடம்பு வேறொரு நேரப்படி நடந்தது. காலையில் சிற்றாலயத்தில் பாட்டு நடக்கும் நேரத்தில் அவர் காரில் சாந்தமாக இருந்தார். அந்த நேரத்துக்குக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கூட்டம் அதிகமாகியது, ஏனென்றால் மற்ற நேரத்தில் அவர் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. அங்கே அவள் வார்டுக்குப் போகும் பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தால், இங்கே அவர் உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்கினார். ஒரு நாள் சாயங்காலம் அவர் நாடி துள்ளிக் குதித்தது. மனைவி உடனே போனை எடுத்தாள். "உங்கப்பாவுக்கு நாடி குதிக்குது. யாருடி அவன்?" மகள் பதறி, "ஐயோ அம்மா, வைவாம்மா! அனாடமி வைவா!" என்றாள். "வைவாவுக்கு இப்படிக் குதிக்காதுடி, எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. எக்ஸ்ரே எடுக்கும் இளைஞன் ஒருவன் இருந்தான் என்பது உண்மைதான். அது அதற்குமேல் போகவில்லை. அவள் கையில் முதல்முறையாக ஒரு நோயாளி இறந்த நாளில், டிரைவிங் ஸ்கூல்காரர் நடு ரோட்டில் காரை ஓரம் கட்டச் சொல்லி, காரணம் தெரியாமல் அழுதார். கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு வங்கி அதிகாரி. தன்னுடைய ஓட்டும் லட்சணத்தைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று நினைத்து அவர் மறுநாள் வரவில்லை.

மூன்றாம் வருடம் மகள் வார்டில் மயங்கி விழுந்தாள். அதே நேரத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் காரில், பேச்சின் நடுவே, நின்றுபோனார். பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவர் கால் அதன்மேல் சரிந்ததால் கார் நின்றது, யாருக்கும் காயமில்லை. அவள் கண் விழித்தபோது அவரும் விழித்தார். பெற்றவர்கள் இருவரும் பஸ் ஏறிப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதய டாக்டர் மகளுக்கும் அப்பாவுக்கும் ஒரே நேரத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரே கோடுதான் தெரிந்தது. தாயையும் மகளையும் வெளியே அழைத்து, "ஒரு மோட்டார் ரெண்டு தொட்டிக்குத் தண்ணி ஏத்துதும்மா. இப்படியே போனா, இந்தப் பொண்ணு வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் தாங்காது" என்றார். அவர் குரலில் ஆச்சரியம் எதுவும் இல்லை, கவலைதான் இருந்தது. பெரிய மேடத்துக்கு விஷயம் போனதும் அவர் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "எந்த விரல்?" அவள் காட்டினாள். "நீ எடுத்தது. நீ திருத்துற வரைக்கும் நிக்கும். திருத்துன்னும் சொல்ல மாட்டேன், திருத்தாதேன்னும் சொல்ல மாட்டேன். ஜெபம் பண்றேன், போ" என்றார். மகள் திருத்துவதாக இல்லை. அம்மாவிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள், அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று.

மனைவி சத்தியத்தைக் காப்பாற்றினாள், ஆனால் முகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் ரோட்டைத் தாண்டி மருந்துக்கடைக்குப் போய், "அன்னைக்கு என்ன ஆச்சு?" என்றார். மருந்துக்கடைக்காரர் பலகையைத் துடைத்துக்கொண்டே, "நீங்க அன்னைக்கே போயிட்டீங்க சார்" என்றார். டிரைவிங் ஸ்கூல்காரர் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். மகளிடம் அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் மாடி ஏறுவதை விட்டார், கட்டிலைக் கீழே இறக்கினார். வேகமாக நடப்பதை விட்டார். கத்துவதை விட்டார். சிவப்பு விளக்கைத் தாண்டிப் போன மாணவனிடம், "பரவாயில்ல தம்பி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். வயசானால் மனுஷன் கனிந்துவிடுகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் கனியவில்லை. அடுத்தவர் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவன் எப்படி ஓட்டுவானோ அப்படி ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வந்து வம்புக்கு இழுத்தபோது, "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்றார். அண்ணன் வெலவெலத்துப் போய், டாக்டரைக் கூப்பிடு என்று அண்ணியிடம் சொன்னார். அங்கே மகளும் ஓடுவதை விட்டிருந்தாள். விடுதியில் பிள்ளைகள் பந்து விளையாடும்போது படியில் உட்கார்ந்து பார்த்தாள். எக்ஸ்ரே இளைஞன் எதிரே வந்தால் வேறு தாழ்வாரத்தில் திரும்பினாள். இவருக்கு அவளும் அவளுக்கு இவருமாக மிச்சம் பிடித்ததில் பலன் ஒன்றும் இல்லை. கடைசி வருடத்தில் அவள் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி வார்டுக்கு ஏற முடியவில்லை. விடுமுறைக்கு வந்தவளின் உதட்டில் நீலம் இருந்தது. அந்த நீலம் யாருடையது என்று மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். ஒவ்வொரு விடுமுறையிலும் அவள் அப்பாவின் கையைப் பிடித்தாள், கட்டைவிரலால் மட்டும்.

பட்டம் வாங்கும் நாளில் டிரைவிங் ஸ்கூல்காரர் பயிற்சிக் காரிலேயே பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஓட்டி வந்தவர் மருந்துக்கடைக்காரர். பெண்கள் வெள்ளை உடையில், கையில் விளக்கோடு ஆலயத்துக்குள் போய் உறுதிமொழி சொன்னார்கள். என் பராமரிப்பில் இருப்பவரைப் பற்றி உண்மையை மறைக்க மாட்டேன் என்ற வரி வந்தபோது ஒரு குரல் மட்டும் நின்று தொடர்ந்தது. கடைசி வரிசையிலிருந்த டிரைவிங் ஸ்கூல்காரருக்கு அது கேட்டது. கூட்டம் கலைந்ததும் மகளை அழைத்துக்கொண்டு காருக்குப் போனார். ஆலயத்துக்குப் பின்னால் சரிவில் கார் நின்றது. மகளை ஓட்டுநர் இடத்தில் உட்கார வைத்து, தான் வாத்தியார் இடத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, இடது கையை நீட்டினார்.

"பல்ஸ் பாரு."

அவள் கட்டைவிரலைக் கொண்டுவந்தாள். அவர் மறுகையால் அதை மெதுவாக மடக்கினார்.

"சொல்லிக்குடுத்த மாதிரி பாரு."

"முடியாதுப்பா."

"லைசென்ஸ் எடுத்தவங்க பக்கத்துல வாத்தியார் உக்காந்திருந்தா, ரெண்டு பேருக்கும் கேவலம்மா."

"எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லப்பா. நிஜமா. இப்படியே இருந்துக்கலாம்பா நாம."

"பொய் சொல்றே. உன் மூச்சு எனக்குத் தெரியாதா? மூணரை வருஷமா அதுலதானே இருக்கேன்." அவர் கழுத்துப் பட்டனைச் சரி செய்துகொண்டார். "நம்ம குடும்பத்துல யாரும் ஓசியில இருந்ததில்ல. புள்ளை மூச்சுல இருந்தவன்னு என் பேரு வரக் கூடாது. பாரும்மா. உங்க மேடம் முன்னாடி நிக்கிறதா நினைச்சுக்கோ."

அவள் அழுதாள். அவர் அவசரப்படுத்தவில்லை. தெருமுனையில் வண்டி திருப்பத் தெரியாமல் அழுத எத்தனையோ பேருக்குக் காத்திருந்தவர். கடைசியில் அவள் மூன்று விரல்நுனிகளை, கட்டைவிரலை விலக்கி, அவர் மணிக்கட்டில் வைத்து, முழு ஒரு நிமிடம் வைத்திருந்தாள். பயிற்சியின்போதுகூட அவள் விரல் அவ்வளவு ஆடாமல் இருந்ததில்லை.

"பல்ஸ் இல்லப்பா" என்றாள்.

"இப்பத்தான் சரியா எடுத்திருக்கே" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். அவர் கால் பிரேக்கிலிருந்து விலகியது. கார் சரிவில் உருளத் தொடங்கியது. அவள் தன் காலை வைத்து நிறுத்தினாள்.

அடக்கத்துக்கு அண்ணன் வந்தார். கடைசிவரை நிமிர்ந்து நின்றார். எல்லாம் முடிந்ததும் தம்பி மகளிடம் வந்து கையை நீட்டி, "எனக்கும் பாரும்மா" என்றார். அவள் பார்த்து, "தொண்ணூத்தாறு பெரியப்பா" என்றாள். "இறங்கிடும்" என்றார் அவர். இருவரும் கையை விடவில்லை. சில வாரங்களில் அவள் உதட்டு நீலம் போயிற்று. அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறுகிறாள். டிரைவிங் ஸ்கூலை மனைவியின் தங்கை நடத்துகிறாள், சத்தம் போடுவதில் அவள் முன்னவருக்குக் குறைந்தவள் இல்லை. ஆலயத்துக்குப் பின்னால் யாரும் இப்போது வண்டி நிறுத்துவதில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அந்த நர்ஸ் தன் கட்டைவிரலை வெட்டி எறிந்துவிட்டாள், அதனால்தான் அதை உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருக்கிறாள் என்று ஒரு பேச்சு நடமாடுகிறது. அது பொய். விரல் முழுசாக இருக்கிறது. அதில் நாடி மட்டும் இல்லை, அதை அவள் அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஆஸ்பத்திரியில் கட்டைவிரலால் தப்பில்லாமல் நாடி பார்க்கக்கூடிய ஒரே நர்ஸ் அவள்தான். அவள் அப்படிப் பார்ப்பதில்லை.