லட்டுவின் தொந்தி

உஸ்மான் ரோட்டுக்குப் பின்னாலுள்ள சந்தில் புடவைக்கடை வைத்திருக்கும் சண்முகவேலுக்குத் தன் நாய்க்குட்டியின் தொந்தியில் தனிப் பெருமை. யார் கடைக்கு வந்தாலும் லட்டுவைத் தூக்கி, வயிற்றைத் தட்டிக் காட்டுவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கடையில் வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் மாடியிலேயே சாப்பாடு. ஒருவர் வயிறும் வாடக்கூடாது என்பது அப்பா காலத்துச் சட்டம். குட்டிக்கும் அதேதான். பந்தி முடிந்ததும் அதற்கு ஆளுக்கொரு உருண்டை பால்சோறு போடுவார்கள்.

லட்டுவோடு பிறந்த இன்னொரு குட்டி எதிரே, தையல்கடை கரீமுல்லாவிடம் வளர்ந்தது. அதற்கு ஒட்டிய வயிறு. காலையில் கடை திறக்கும்போதே சண்முகவேல் சந்து முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்துவிடுவார்.

"என்ன பாய், பிள்ளைக்குச் சோறு போடுதீரா, நூல்கண்டு போடுதீரா?"

விற்பனைப் பெண்கள் சிரிப்பார்கள். கரீமுல்லாவும் சிரித்துக்கொள்வார். ஒரே ஒரு நாள், லட்டுவுக்குப் பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் பூச்சியெல்லாம் வராது என்று வாயை அடைத்துவிட்டார் சண்முகவேல்.

அப்புறம் ஒரு காலையில் லட்டு சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. முந்தைய நாளும் சரியாகத் தின்னவில்லை. ஆனால் தொந்தி மட்டும் அப்படியே இருந்தது. வெறும் வயிறு எப்படி இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆட்டோ பிடித்து அடையாறிலுள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

டாக்டர் ஜெயபாரதி குட்டியின் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்திருந்தது. பிறகு சண்முகவேலின் கையை எடுத்து லட்டுவின் முதுகில் வைத்தார். மங்கிய ரோமத்துக்கு அடியில் எலும்பு மணிமணியாகத் தட்டுப்பட்டது. இத்தனை நாளும் அந்தக் கை வயிற்றை மட்டுமே தடவியிருந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தின்றதும் குட்டிக்கு வயிறு உப்புவது இயல்பு, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். வடியாமல் நின்று உடம்பும் இளைத்தால் பெரும்பாலும் குடலில் உருண்டைப்புழு. தாயின் வயிற்றிலிருக்கும்போதே வந்துவிடும், பாலிலும் வரும். போட்ட சோற்றில் பங்கு அதற்குத்தான் போகும். வயிறு இறுகிக் கல்லாகி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. லட்டு அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை. ஆனாலும் மிகவும் இளைத்திருக்கிறது, இப்போது கொடுத்த மருந்துக்குப் பிறகு சாப்பிட ஆரம்பித்தால்தான் பிழைக்கும்.

"கூடப் பிறந்த குட்டிக்கும் இருக்கும் சார். அந்த வீட்ல சொல்லிடுங்க."

வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் அவரை அறுத்தது. போனில் செய்தி அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். கேலி செய்ததெல்லாம் நடுச்சந்தில் நின்று அல்லவா. தையல்கடை வாசலில் இறங்கிச் சொன்னார்.

கரீமுல்லாவின் கத்தரி நின்றது. "வாங்கியாந்த வாரமே குடுத்துட்டேன் அண்ணாச்சி. அதான் அதுக்குத் தொப்ப இல்ல."

எதிர்ப்படியில் நின்ற பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் காலை, கடை வாசலில் விரித்திருந்த செய்தித்தாளில், வேகவைத்த சேமியாவைக் கொட்டியதுபோல் புழுக்கள் கிடந்தன. பெருக்குகிற அம்மாள் ஓடி வந்தார். வேண்டாமென்று கை காட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்முகவேலே வாரிக் கழுவினார்.

கரீமுல்லா சந்தைக் கடந்து வந்து நின்றார். "குட்டி இன்னா பண்ணுது?"

"கொஞ்சம் கஞ்சி குடிச்சான் பாய்." வாளித் தண்ணீரை ஊற்றியபடி அவர் நிறுத்தினார். "சோறு போடுதீரான்னு உம்மகிட்ட கேட்டேம் பாரும்..."

குனிந்த தலையை நிமிர்த்தாமல், சுத்தமாகிவிட்ட தரையையே திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தார்.