கனகசெட்டிக்குளத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவே

பதினேழு வருடம் வார்டில் இடுப்பொடிய வேலை பார்த்துவிட்டு, இந்த வயதில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்க வந்தது என் தலையெழுத்து. பாஸ் செய்தால் டியூட்டராகப் போகலாம், நைட் டியூட்டி கிடையாது. அந்த ஒரே ஆசைதான். படிப்பு விடுப்பு ஜூனோடு முடிகிறது. அதற்குள் ஆராய்ச்சியை முடிக்காவிட்டால் பழையபடி வார்டு, பழையபடி நைட்.

சர்க்கரை நோய் உள்ள பெண்களுக்குப் பாதங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தால் பலன் உண்டா என்பதுதான் என் ஆராய்ச்சி. உண்டு என்று என் மாமியாரே சொல்லிவிடுவார். ஆனால் நிரூபிக்க வேண்டுமாம். ஒரு ஊரில் முப்பது பேருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இன்னொரு ஊரில் முப்பது பேரிடம் ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கும் சொல்லலாம்.

என் வழிகாட்டி ஜூலி மேடம் என்னைவிட ஆறு வயது சின்னவள். ஆனால் பேச்சில் பெரியவள்.

"ரெண்டு எடமும் பக்கத்துல இருக்கக் கூடாது சிஸ்டர். இவங்க அவங்ககிட்ட பேசிட்டா சாம்பிள் கெட்டுப்போயிடும்."

முதலில் நான் குடியிருக்கும் ரெட்டியார்பாளையத்தைச் சொன்னேன். பாதிப் பேர் என்னிடமே ஊசி போட்டுக்கொண்டவர்கள், வேண்டாம் என்றாள். வேறு இரண்டு இடங்கள் சொன்னேன், ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கிறது என்றாள். கடைசியில் எரிச்சலோடு வரைபடத்தை விரித்தேன். சொல்லிக் கொடுக்கத் தெற்கே உப்பளம், சொல்லாமல் இருக்க வடக்கு எல்லையில் கனகசெட்டிக்குளம். நடுவில் புதுச்சேரியே கிடக்கிறது. யார் யாரோடு பேசிவிடப் போகிறார்கள்?

"சூப்பர் சிஸ்டர்!" என்றாள் ஜூலி மேடம். கல்லூரி ஆராய்ச்சிக் கமிட்டியும் ஒத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

ஆள் பார்க்கக் கனகசெட்டிக்குளம் போனேன். வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். வீடு வீடாக ஏறி யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இல்லை என்று விசாரித்ததில் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியாக அஞ்சலாட்சி வீடு. டவுனில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். காலி அன்னக்கூடையைக் கவிழ்த்துவிட்டு, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை பத்து வருடமாக இருக்கிறதாம்.

அவள் குதிகாலைப் பார்த்தேன். கிளிஞ்சல் துண்டு ஒன்று உள்ளே ஏறி, சுற்றிலும் சிவந்திருந்தது.

"யக்கா, வலிக்கலியா?"

"எது?" என்று காலைத் திருப்பிப் பார்த்தாள். "அட! இது எப்போ ஏறிச்சு?"

இவளிடம் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் இப்படி உணர்ச்சி செத்த கால்களைத்தான் வார்டில் வெட்டி எடுத்த பிறகு பார்க்கிறேன். அந்தக் கட்டுகளை எத்தனை நைட் மாற்றியிருக்கிறேன்! போகட்டும் சனியன் என்று பையைத் திறந்தேன். துண்டை எடுத்துக் கழுவிக் கட்டுப் போட்டேன். நாளைக்கே ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். தினமும் கழுவு, விரல் இடுக்கைத் துடை, கண்ணாடி வைத்து அடிப்பாதத்தைப் பார், செருப்பில்லாமல் நடக்காதே என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இத ஊர்ல எல்லார்க்கும் சொல்லலாமே நர்சம்மா?"

"சொல்லலாம்… கொஞ்ச நாள் போவட்டும்."

"ஏன்?"

பஸ் வருகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

நடந்ததைச் சொன்னபோது ஜூலி மேடம் திட்டவில்லை. "அந்தம்மாவ மட்டும் விட்டுடுங்க. வேற ஒருத்தரப் போட்டு அடுத்த வாரம் ஆரம்பிங்க" என்றாள். சரியென்று தலையாட்டினேன். சண்டை போடத் தெம்பில்லை.

அடுத்த வாரம் கேள்வித்தாள் கட்டோடு போய் இறங்கினால், அஞ்சலாட்சி வாசலில் ஒரே கூட்டம். பெண்கள் வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கைமாறிக்கொண்டிருக்கிறது. எல்லார் பக்கத்திலும் ஒரு ஜோடி செருப்பு.

"வா நர்சம்மா! நீ அலைய வாணாம்னு நானே எல்லார்க்கும் சொல்லிட்டேன்."

மாதாவே! அப்படியே அங்கே கிடந்த அன்னக்கூடையின் மேல் உட்கார்ந்தேன். இந்த ஊர் போச்சு. சரி, உப்பளமாவது இருக்கிறது, இதற்குப் பதில் வேறு ஊர் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டபோது அவளே தொடர்ந்தாள்.

"உப்பளத்துலயும் சொல்லிட்டேன். என் வாடிக்கையெல்லாம் அங்கதான? மீன் வாங்க வந்ததுங்க எல்லாத்தையும் காலைக் காட்டச் சொன்னேன். ஒண்ணு விடல."

டவுனில் விற்கிறாள் என்று தெரியும். டவுனில் எங்கே என்று நான் கேட்கவில்லை. வரைபடத்தில் தூரத்தைப் பார்த்தேனே தவிர, மீன் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. ஒரு பாட்டம் அழ வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் கன்னியம்மாளை முன்னால் தள்ளிவிட்டார்கள். என் கைக்குள் அடங்கும் சின்ன உருவம். "இவ காட்ட மாட்டேன்னா. புடிச்சிப் பாத்தோம்" என்றாள் அஞ்சலாட்சி. சுண்டுவிரல் இடுக்கில் புண், சீழ் கோத்திருந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரல் போயிருக்கும். நான் ஒரு மாதம் வாயை மூடியிருக்கத் திட்டம் போட்டிருந்தேன்.

புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, கன்னியம்மாளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டு ஜூலி மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"ஜூன்ல முடிக்கணும் சிஸ்டர். நைட்டுக்குத் திரும்பிப் போவீங்களா?"

"தெரியல மேடம். ரொம்ப அசதியா இருக்கு."

"நல்லா யோசிச்சிப் பாருங்க. இதப் பத்தி ஒண்ணுமே தெரியாத பொம்பளைங்கதான் நமக்கு வேணும். ரெண்டு எடத்துலயும் சேத்துத் தேடினா அப்படிக் கொஞ்சம் பேராவது கிடைக்க மாட்டாங்களா?"

கன்னியம்மாள் செருப்பைக் கழற்றி, விரலை விரித்து, நான் போட்ட கட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர்கூட இல்ல மேடம்" என்றேன். சொல்லும்போது என் குரலில் ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று எனக்கே புரியவில்லை.