மூன்று பேர் படுக்கும் பெட்டி

சிந்திய காபியைத் துடைக்கத்தான் ஐலீன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். கல்யாணமான இந்த நான்கு வருடமும் அவள் அந்தப் பிக்கப்பில் மறுபக்கமாகவே ஏறி இறங்கியிருக்கிறாள். அதனால் கதவுச் சட்டத்தில் பூட்டுக்குக் கீழே ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரை அன்றுதான் பார்த்தாள். அழுக்கைத் துணியால் தேய்த்ததும் எழுத்து தெளிந்தது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து 1,640 பவுண்டுக்கு மேல் ஏற்றக் கூடாது.

அவள் நிமிர்ந்து வண்டியின் பின்பக்கம் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன் வந்து இறங்கிய கேம்ப்பர், பயணத்தில் தங்கிப் படுக்கும் சின்னக் கூண்டு, பிக்கப்பின் தொட்டியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கூரையைத் தூக்கினால் நான்கு பக்கமும் கித்தான் சுவர் விரியும். இறக்கினால் தலை குனிந்த பெட்டி. அந்தப் பெட்டிக்காகப் பதினோரு மாதம் காத்திருந்தார்கள்.

"ஆரின், இங்க வந்து இதக் கொஞ்சம் பாரு."

ஆரின் கையில் டயர் அழுத்தம் பார்க்கும் கருவியோடு வந்தான். ஸ்டிக்கரைப் படித்தான். பிறகு மறுபடியும் படித்தான்.

"இது கம்பெனிக்காரன் பயந்து போடுற நம்பர். ஒன்பதாயிரம் பவுண்டு டிரெய்லர இழுக்கும் இந்த வண்டி. இந்தப் பெட்டியெல்லாம் அதுக்குப் பொம்மை."

"இழுக்கிறது வேற, முதுகுல சுமக்கிறது வேற இல்லையா?"

"பின்னாடி ஸ்பிரிங்குல காத்துப் பை மாட்டியிருக்கேன் பாரு. ஒரு இஞ்சுகூடத் தாழல. எவ்வளவு நேரா நிக்குது!"

நேராகத்தான் நின்றது. ஆனால் ஆரின் முப்பது வருடம் மாநில நெடுஞ்சாலைத் துறைக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டியவன். காற்றுப் பை வண்டியின் இடுப்பை நிமிர்த்தும், எலும்பைப் பலமாக்காது என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அடுத்தவன் லாரியின் எடையை அச்சு அச்சாகக் கணக்குப் பார்த்தவன், சொந்த வண்டியின் கதவுச் சட்டத்தை ஒரு முறையும் குனிந்து பார்த்ததில்லை. பெரிய வண்டி, தாங்கும் என்று இருந்துவிட்டான். அந்த ஊர் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான்.

"சரி, எடை போட்டுப் பாத்துடலாம்" என்றான் கடைசியில். குரலில் இருந்த வீம்பு குறைந்திருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து டெல் ஓடி வந்தான். ஐலீனின் தம்பி. நாற்பத்து நான்கு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். அம்மா போன பிறகு அக்காவோடுதான் இருக்கிறான். முதுகில் அவனுடைய பச்சைப் பை தொங்கியது.

"கிளம்பியாச்சா கேப்டன்?" ஆரினை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"இல்லடா. சும்மா ஒரு ரவுண்டு. ஏரிக்குப் பயணம் வெள்ளிக்கிழமதான்."

"பையைக் கொண்டு வரலாமா?"

"கொண்டு வா, கொண்டு வா. எடையோட எடையாப் போகட்டும்."

கிழக்கு ஓரிகனில் அவர்கள் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் லாரிகளுக்கான எடை நிலையம் ஒன்று உண்டு. அதிகாரி இல்லாத நேரத்திலும் தராசு ஓடிக்கொண்டே இருக்கும். எண் பலகை எரியும். வைக்கோல் ஏற்றுபவர்கள், குதிரை டிரெய்லர்காரர்கள், பன்றி விற்கப் போகிறவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏறிப் பார்த்துக்கொள்வார்கள். யாரும் கேட்பதில்லை.

வழியெல்லாம் ஐலீன் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தாள். விளம்பர ஏட்டில் போட்டிருந்த பெட்டியின் எடையோடு மூன்று பேரையும் சேர்த்தாலும் எப்படியோ அடங்கிவிடும். ஆனால் அது வெறும் கூட்டின் எடை. பெட்டி கட்டும் பட்டறைக்குப் போயிருந்தபோது அவள்தான் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொன்னாள். மேசையை மடக்கினால் படுக்கையாகிற அமைப்பு, டெல் தனியாகப் படுக்க. தூங்கும்போது அவன் மூச்சு நின்று நின்று போகும், முகத்தில் மாட்டிக்கொள்ளும் இயந்திரம் ராத்திரி முழுக்க ஓட வேண்டும். அதற்கு இரண்டாவது பேட்டரி. அவனுக்குக் குளிர் ஆகாது, அதனால் ஹீட்டர். மாடிப்படி போல உறுதியான ஏணி, அவன் முட்டிக்காக. எல்லாம் டெல்லுக்காக.

தராசின் கான்கிரீட் மேடையில் வண்டி ஏறி நின்றது. வெற்று அலுவலகத்தின் சன்னலுக்கு மேல் சிவப்பு எண்கள் துள்ளி அடங்கின.

7,420.

"எவ்வளவு இருக்கணும்?" என்றாள் ஐலீன். அவளுக்குத் தெரியும். வண்டியோடு சேர்த்து ஏழாயிரம்தான் உச்சம் என்று அதே ஸ்டிக்கரின் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

ஆரின் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தான். "டெல், நீ கொஞ்சம் இறங்கு பாப்போம்."

டெல் பையோடு இறங்கி ஓரமாக நின்றான். 7,200.

"என்ன கேப்டன், நான் அவ்வளவு குண்டா?"

"குண்டு இல்லடா. கெட்டி உடம்பு. ஐலீன், நீயும்..."

ஐலீன் இறங்கினாள். 7,040.

டெல்லுக்கு இது நல்ல விளையாட்டாகப் பட்டது. கைதட்டினான். "இப்ப நீ இறங்கு கேப்டன்! நீ மட்டும் உள்ள இருந்தா எப்படி?"

ஆரின் இறங்கினான். கதவைச் சாத்தும்போது எண் மாறியது. 6,850.

"ஜெயிச்சாச்சு!" என்று டெல் கத்தினான். "எல்லாரும் இறங்கிட்டா சரியாப் போச்சு. வண்டி மட்டும் போகட்டும். நாம வீட்டுக்கு நடந்து போகலாம்."

ஐலீனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் எரிந்தது. மூன்று பேர் படுக்கக் கட்டிய பெட்டி. அதை எடுத்துப்போக ஒருவருக்குக்கூட அனுமதி இல்லை.

டெல் புல் ஓரத்தில் வெட்டுக்கிளி பிடிக்கப் போனான். இருவரும் வண்டியின் நிழலில் நின்றார்கள்.

"தண்ணியக் கொட்டிடலாம்" என்றான் ஆரின். "அங்க போய் நிரப்பிக்கலாம்."

"அந்தப் பாலைவன ஏரிக்கரையில எங்க நிரப்புவ? அதுவும் நூத்தம்பது பவுண்டுதான். மீதி?"

"ரெண்டு வண்டியாப் போகலாம்."

"என் கார வித்துத்தானே இந்தப் பெட்டிக்கு முன்பணம் கட்டினோம்."

"பெட்டியத் திருப்பிக் குடுத்தா?"

"நம்ம சொன்ன மாதிரி செஞ்சது. திருப்பி எடுக்க மாட்டாங்க. முதல் நாளே சொல்லிட்டாங்க." அவள் சற்று நிறுத்தினாள். "பெரிய வண்டி வாங்குறதப் பத்திப் பேசவே வேண்டாம்."

"மார்லிஸ் என்ன சொல்வா தெரியுமா?"

மார்லிஸ் பாய்ஸி நகரில் இருக்கும் ஐலீனின் தங்கை. டெல்லை ஒரு மாதம் ஏதாவது பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் ஊர் சுற்றுங்கள் என்று கல்யாணத்தன்றே சொன்னவள்.

"டெல்ல விட்டுட்டாலும் எடை கூடத்தான் இருக்கு, ஆரின். அவளாலகூட இதுல ஜெயிக்க முடியாது."

ஆரின் லேசாகச் சிரித்தான். பிறகு தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "கொஞ்சம் அதிகம்தானே. ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுறான்."

"நீ ஓட்டுவியா? ஏரிக்குப் போற அந்த மலை இறக்கத்துல, பின்னாடி டெல்ல உக்கார வச்சுக்கிட்டு?"

அந்த இறக்கத்தில் பிரேக் புகைய வந்து நின்ற லாரிகளை அவன் எத்தனையோ பார்த்திருக்கிறான். நிற்காமல் போனவற்றையும் பார்த்திருக்கிறான். அதைப் பற்றி அவன் வீட்டில் பேசியதே இல்லை.

"மாட்டேன்" என்றான்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் வெள்ளிக்கிழமை இல்லாமல் போயிற்று. ஐலீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் பேசியபோது, "டெல் என்னோடதான் இருப்பான், யோசிச்சுக்கோ" என்று அவள் சொன்னாள். "அவன் வரலன்னா எனக்கும் கல்யாணம் வேண்டாம்" என்றான் இந்த மனிதன். அப்படிப்பட்டவனால் இப்போது கான்கிரீட் மேடையை உதைக்கக்கூட முடியவில்லை. யார் மேல் கோபப்படுவது? நம்பர் மேலா?

"நான் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அந்தக் கதவ ஒழுங்காப் பாத்திருந்தா..." என்றான் ஆரின்.

"நான் அந்த ஹீட்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்."

"அப்புறம் அவன் குளிருல நடுங்குவான்."

பின்னால் வைக்கோல் வண்டி ஒன்று வந்து காத்திருந்தது. மேடையைக் காலி செய்ய வேண்டும்.

அப்போதுதான் ஐலீனுக்கு உறைத்தது. வீடு பன்னிரண்டு மைல். வந்த வழியே திரும்ப இருப்பது இந்த ஒரே வண்டி. ஏறக் கூடாது என்று இப்போது கண்ணால் பார்த்த அதே வண்டியில் மூன்று பேரும் மறுபடி ஏற வேண்டும்.

"ஏறுங்க" என்றான் ஆரின், தரையைப் பார்த்தபடி. "சமதரைதான். மெதுவாப் போறேன்."

சிவப்பு எண்கள் மூன்று தாவலில் பழைய இடத்துக்கே ஏறின. ஐலீன் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முப்பது மைல் வேகத்தில், அபாய விளக்கு மினுங்க, வண்டி ஆற்றோரச் சாலையில் ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து முந்திப் போனார்கள். டெல் ஒவ்வொருவருக்கும் கையசைத்தான். பாதி வழியில் ஆற்றங்கரை நிறுத்தம் வந்ததும், "கேப்டன், கூரையத் தூக்கலாமா? ஒரே ஒரு தடவ!" என்று கெஞ்சினான்.

ஆரின் ஐலீனைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

கூரை எழுந்தது, கித்தான் விரிந்து காற்றில் புடைத்தது. டெல் மேசையை மடக்கித் தன் படுக்கையைத் தானே விரித்தான், செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தான், படுத்துப் பார்த்தான். "என் அளவுக்கே செஞ்சிருக்காங்க ஐலி!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வெளியே ஏணிப்படியில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவனிடம் எப்படிச் சொல்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. இன்றைக்கா, நாளைக்கா என்றுகூடத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற, பின்பக்கம் இரட்டைச் சக்கரம் மாட்டிய கனமான பிக்கப்பிலிருந்து ஒரு வயதான மனிதர் இறங்கி வந்தார். கேம்ப்பரைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார்.

"அழகான பெட்டி. எங்க கிளம்பியாச்சு?"

ஐலீன் வாயைத் திறந்தாள்.

கித்தான் சன்னலில் டெல்லின் முகம் தெரிந்தது. "ஏரிக்கு! வெள்ளிக்கிழம! மூணு பேரும்!"

அந்த மனிதர் சிரித்தார். சிரித்தபடியே அவருடைய கண் தாழ்ந்து, பாரத்தில் பிதுங்கிக் கிடந்த பின் டயரின் மேல் விழுந்தது. சிரிப்பு நின்றது. அவர் ஆரினைப் பார்த்தார். ஆரின் அவரைப் பார்த்தான். இரண்டு பேரும் வண்டி தெரிந்தவர்கள்.

"பாத்துப் போங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

"நீங்களும் வாங்க!" என்று டெல் அவர் முதுகைப் பார்த்துக் கூவினான். "இங்க நிறைய இடமிருக்கு!"