டெல்மா இருக்காங்களா?

கடையில் கல்லாவில் நின்றவள் என் அட்டையை மறுபடியும் தேய்த்துப் பார்த்தாள். பிறகு பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னாள்.

"டெல்மா, இதுல ஒண்ணும் இல்லப்பா."

"ஒண்ணும் இல்லைன்னா?"

"ஒண்ணுமே இல்ல. இந்த மாசம் காசு ஏறவே இல்ல."

தள்ளுவண்டியில் என்ன கல்யாண விருந்தா இருந்தது? பால், முட்டை, ஒரு பை வெள்ளை பீன்ஸ், சோளமாவு, ஓபல் கெஞ்சினாள் என்று ஒரு பொட்டலம் இறைச்சித் துண்டு. அரசாங்கம் மாதாமாதம் சாப்பாட்டுக்கென்று அந்த அட்டையில் ஏற்றும் காசில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. நான் மோட்டலில் படுக்கை விரித்து, கக்கூஸ் கழுவி வாங்கும் கூலி வாடகைக்கும் கரண்டுக்கும் போய்விடும். ஓபல் என் மகள், ஒன்பது வயது. அவள் பாலைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் குளிர்பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு வந்தாள். அடம்பிடித்து அழுதிருந்தாலாவது நாலு திட்டு திட்டி என் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டு அலமாரியில் ஒரு கை பீன்ஸும் கடுகுச் சாந்துப் பொட்டலங்களும் இருந்தன. பள்ளிக்கூடம் இருந்தால் மத்தியானச் சாப்பாடு அங்கே ஆகிவிடும். கோடை விடுமுறை. சர்ச்சில் மாதம் ஒருமுறை கொடுக்கும் மளிகைப் பெட்டியையும் ஏற்கெனவே வாங்கித் தின்று தீர்த்தாயிற்று.

எதிர் டிரெய்லர் வீட்டு வெர்லீன் அக்கா ஆறு முட்டையோடு வந்தாள்.

"உன் அட்டையை எவனோ வழிச்சிட்டான்டி. போன வருஷம் எனக்கு நடந்துச்சே, ஞாபகம் இல்ல? கடை மெஷின்ல திருட்டு மெஷினைச் சொருகி வெச்சிருப்பானுங்க, கட்டையில போறவனுங்க."

"திருடியிருந்தா காசு வந்து போயிருக்கணும்க்கா. எனக்கு வரவே இல்லைங்கறாங்க."

"அப்ப ஆபீசுக்குப் போன் போடு."

போட்டேன். பாட்டுப் போட்டார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு குரல். மறுபடி பாட்டு. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன், ஓபலுக்கு ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தேன். அத்தனை முக்கியமான என் அழைப்பு சாயங்காலம் தானாகவே அறுந்துவிட்டது. மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் முட்டையும் தீர்ந்துவிட்டது. ராத்திரி பீன்ஸ் வேகவைத்த தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்தோம். "நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள் ஓபல். பொய் சொல்வதில் என் மகளை மிஞ்ச ஆள் கிடையாது. நான் பழக்கியது அப்படி.

காரில் பெட்ரோல் முள் படுத்துக் கிடந்தது. வெர்லீன் அக்கா புல்வெட்டும் இயந்திரத்துக்காக வைத்திருந்த கேனைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். நானும் ஓபலும் மலை இறங்கி மாவட்ட ஆபீசுக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் ஷெல்பி என்று பெயர் குத்திய ஒரு சின்னப் பெண். நல்ல முகம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு நல்ல முகத்தைப் பார்த்தாலும் அறையத் தோன்றியது.

பெயர், பிறந்த தேதி சொன்னேன். தட்டினாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலை மெதுவாக்கிக்கொண்டாள்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"யாருக்கு?"

"டெல்மா ராட்லிஃபுக்கு. அக்கா தங்கச்சியா?"

"அடியேய், நான்தான்டி டெல்மா ராட்லிஃப்!"

"இல்லைங்க... அவங்க இறந்துட்டாங்கன்னு போட்டிருக்கே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். "பொணத்துக்குப் பசிக்குது, சீக்கிரம் கவனிம்மா" என்று ஒரு கிழவர் குரல் கொடுத்தார்.

"எவன் சொன்னான் நான் செத்தேன்னு? எவன்னு சொல்லு, இங்கேருந்து நேரா அவன் வீட்டுக்குத்தான் போறேன்."

ஷெல்பி தயங்கினாள். "வருஷா வருஷம் போன் பண்ணி விவரம் கேப்போம் இல்லையா, போன மாசம் பண்ணியிருக்காங்க. உங்க வீட்டுல ஒரு குழந்தை எடுத்திருக்கு. 'அம்மா செத்துட்டாங்க'ன்னு சொல்லியிருக்கு."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற ஓபல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். என் புருஷன் கார்லண்ட் சுரங்கத்தில் முதுகு உடைந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, போன குளிர்காலத்தில் செத்துப்போனான். ஆள் போய்விட்டான், பில் போகவில்லை. அந்தக் கடனை ஆஸ்பத்திரியிடமிருந்து விலைக்கு வாங்கிய வசூல்காரர்கள் விடிந்தால் போன், விளக்கு வைத்தால் போன். பெயர் காட்டாத நம்பர்கள், தேன் ஒழுகும் குரல்கள். "டெல்மா இருக்காங்களா?" எங்கள் டிரெய்லர் வரிசையில் இதற்கு எல்லோருக்கும் ஒரே பதில்தான்: செத்துட்டாங்க. செத்தவளிடம் என்னத்தை வசூலிப்பான்? கொஞ்ச நாளாவது வாயை மூடிக்கொண்டு இருப்பான். வெர்லீன் அக்கா ஒரு தடவை மாரடைப்பில் செத்தாள், ஒரு தடவை லாரியில் அடிபட்டுச் செத்தாள், போன ஈஸ்டருக்கு ஆற்றில் போனாள். ஒருத்தி வீட்டுப் போனை இன்னொருத்தி எடுத்துச் சாகடித்துவிட்டு, சாயங்காலம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

நான் வேலைக்குப் போகும் நேரத்துக்கு ஓபலையும் பழக்கியிருந்தேன். "யார் கேட்டாலும் அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லு. நல்லவங்க மாதிரிதான் பேசுவாங்க, நம்பாதே. நான் பக்கத்துலயே நின்னாலும் அதையேதான் சொல்லணும்."

"ஒரு சின்னப் புள்ள சொன்னா உடனே நம்பிடுவீங்களா?" என்றேன்.

"ஏங்க, தேம்பித் தேம்பி அழுதுச்சாம். மழைன்னு சொல்லியிருக்கு. சர்ச் மேட்டுல சவப்பெட்டியை இறக்கறப்ப கயிறு வழுக்கிடுச்சு, பெட்டி ஒரு பக்கமா சாஞ்சிடுச்சுன்னு சொல்லியிருக்கு. இதைக் கேட்டா யாருக்குங்க பொய்யின்னு தோணும்?"

கயிறு வழுக்கிச் சாய்ந்தது கார்லண்டின் பெட்டி. அன்றைக்கு மழையில் ஓபல் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று என் மாமியார்கூடச் சொன்னாள். அப்பனுக்காக அழாததையெல்லாம் சேர்த்து வைத்திருந்து, என் சாவைச் சொல்லும்போது யாரோ முகம் தெரியாதவளிடம் அழுதிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னபடி செய்தாயிற்று, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

"புள்ளையை யார் பாத்துக்கறாங்கன்னு கேட்டதுக்கு, எதிர் வீட்டு வெர்லீன் அத்தைன்னு சொல்லியிருக்கு. அதைப் பத்தி குழந்தைங்க பாதுகாப்பு ஆபீசுக்கு எழுதியிருக்கோம். அவங்க இன்னும் வரலையா?"

"எதுக்கு வரணும்? என் புள்ளையைத் தூக்கிட்டுப் போகவா?"

"பதறாதீங்க. நீங்கதான் முன்னாடி நிக்கறீங்களே. இப்பவே அதை நிறுத்தறேன்." என் ஓட்டுநர் அட்டையை வாங்கி, போட்டோவையும் என் மூஞ்சியையும் மாற்றி மாற்றிப் பார்த்து, என்னென்னவோ தட்டினாள். "சரி, உயிரோட இருக்கீங்கன்னு மாத்தியாச்சு."

"புண்ணியமா போச்சு. காசு எப்ப ஏறும்?"

"போன்ல விவரம் கேட்டு முடிச்ச பிறகுதான்."

"இங்கேயே கேளேன்! நானும் இங்கதானே இருக்கேன், நீயும் இங்கதானே இருக்கே?"

"என்னால முடியாதுங்க. அதுக்கு வேற ஊர்ல ஆளுங்க இருக்காங்க. இன்னைக்கோ நாளைக்கோ கூப்பிடுவாங்க."

"எந்த நம்பர்லேந்து?"

"சொல்ல முடியாது. நம்பரே காட்டாம கூட வரும். தயவு செஞ்சு எடுத்துடுங்க. எடுக்கலைன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும், அடுத்த மாசத்துக்குப் போயிடும்."

காரில் ஏறியதும் திட்டித் தீர்க்கலாம் என்றுதான் இருந்தேன். ஓபல்தான் முதலில் பேசினாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லடி கண்ணு. சொல்லிக் குடுத்தபடிதான் சொன்னே."

"போன்ல வந்த அந்தப் பொம்பளை ரொம்ப நல்லாப் பேசினாங்க. அதான் நம்பல."

ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன்.

"இனிமே யார் கேட்டாலும் அம்மா இருக்காங்கன்னு சொல்லு. யாரா இருந்தாலும் சரி."

"காசு கேக்கறவங்க கேட்டாலுமா?"

"அவங்க கேட்டாலும்தான்."

அவள் அதை நம்பவில்லை. வீடு வந்து சேரும்வரை ஓரக்கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மோட்டலுக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டு, மறுநாள் போன் பக்கத்திலேயே கிடந்தேன். கூலி போனால் போகட்டும். வெர்லீன் அக்கா சோளரொட்டி பாதி கொண்டுவந்து கொடுத்தாள். மீதிப் பாதி அவள் வீட்டுக்கே பற்றாது, எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன். மானம் பார்க்கிற நிலையிலா இருந்தேன்? ஓபல் ரொட்டியைத் தின்றுவிட்டு, தட்டில் உதிர்ந்த தூளை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

கொடியில் துணி எடுக்க ஒரு நிமிஷம் வெளியே போனேன். அந்த ஒரு நிமிஷத்தில் மணி அடித்தது. ஓடி வருவதற்குள் ஓபல் எடுத்துவிட்டாள். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"இருக்காங்க! அம்மா இருக்காங்க! சாகவே இல்ல! இதோ வராங்க, வெச்சிடாதீங்க!"

மூச்சு வாங்க ரிசீவரைப் பிடுங்கினேன்.

"டெல்மா ராட்லிஃபா?" ஆண் குரல். தேன் ஒழுகியது. "நல்லா இருக்கீங்களா? நீங்க காலமாயிட்டதா எங்களுக்குத் தகவல். உங்க குரலைக் கேக்கவே சந்தோஷமா இருக்கு. கார்லண்டோட ஆஸ்பத்திரி பாக்கி விஷயமா..."

நாசமாய்ப் போக. வாய் வரைக்கும் வந்தது. தவறான நம்பர் என்று சொல்லி வைத்துவிடலாம். ஆனால் ஓபல் நிமிர்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று காரில் நான் சொன்னது நிஜமா என்று பார்க்கிறாள்.

"ஆமா," என்றேன். "நான்தான் டெல்மா. உயிரோடதான் இருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு இன்னொரு போன் வரணும்."

அவன் சொன்னான். இனி அவன் விடமாட்டான், மோட்டல் கூலியிலிருந்தே பிடித்துக்கொள்வான். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். வைத்த கையோடு இன்னொருவன் கூப்பிட்டான். அவனுக்கும் நான்தான் என்றேன். இத்தனை மாதம் செத்துக் கிடந்ததற்கெல்லாம் சேர்த்து, ஒரே பகலில் எல்லோருக்கும் உயிரோடு வந்துவிட்டேன்.

இருட்டப் போகும் நேரத்தில் திரும்ப அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"சாப்பாட்டு உதவி விஷயமா பேசறேன்," என்றாள் ஒருத்தி, அலுத்துப்போன குரலில். அந்த அலுப்புதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. "டெல்மா ராட்லிஃப் இருக்காங்களா?"

"இருக்கேன்."

"முதல் கேள்வி. உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?"

போன வருஷம் இதே கேள்விக்கு மூன்று பேர் என்று சொல்லியிருந்தேன். அவள் "ஹலோ, ஹலோ" என்கிறாள். வைத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது, ஆனால் குரல் வரவே மாட்டேன் என்கிறது. ஓபல் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, ரிசீவருக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"ரெண்டு பேரு," என்றாள். விரலால் முதலில் என்னைத் தொட்டு எண்ணினாள்.