பக்கத்து வீட்டுப் பிள்ளை

“இன்னும் நாலு பக்கம்தான் அம்மா,” என்றாள் நிலுஷா.

“அந்த நாலையும் பக்கத்தில கனகரத்தினம் அங்கிள் வீட்டில இருந்து வாசி. வாற ஆக்கள் வெளிக்கிட்டுப் போன பிறகு நான் கூப்பிடுவன். அதுவரைக்கும் இந்த வீட்டு முத்தத்தில உன்ர தலைக்கறுப்பையும் காணப்படாது.”

சொல்லிக்கொண்டே மாகிரட் தேவாலயத்தில் நிலுஷா முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்த படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியுமாய் நின்ற சின்ன மகள் அலுமாரிக்குள் போனாள். தூசி தட்டத்தான் அம்மா கழற்றுகிறாள் என்று நிலுஷா நினைத்தாள்.

அவளுக்குப் பதினொரு வயது. எல்லாம் விளங்கும், நன்றாகக் கதைப்பாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். டிஸ்லெக்சியா என்று கண்டுபிடித்த பள்ளிக்கூடத்து றிக்சன் சேர், பழைய போன் ஒன்றில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தார். பக்கத்தைப் படம் பிடித்தால் போன் காதுக்குள் வாசிக்கும். வாசிக்கும் சொல் திரையில் மஞ்சளாகும். அதன் பின்னாலேயே அவளும் வாசித்துக்கொண்டு போவாள். திமிங்கிலங்களைப் பற்றிய முப்பத்திரண்டு பக்கப் புத்தகம் ஒன்றோடு ஒன்றரை மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கப்போகும் முதல் புத்தகம் அது.

தெருவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மண்டையில் ஒன்றும் ஏறாத பிள்ளை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. போன வருடம் மூத்தவள் ஜெனிதாவுக்கு மட்டக்களப்பிலிருந்து வந்த சம்பந்தம் குழம்பியதும் அந்தக் கதையால்தான் என்று மாகிரட் நம்பினாள்.

“பெத்த பிள்ளையை ஏன் ஒளிக்கிறாய்?” என்று புருசன் ஹெக்டர் கேட்டுப் பார்த்தார். துறைமுகத்தில் பெரிய பெரிய கப்பல்களையெல்லாம் கட்டியிழுக்கும் படகில் வேலை செய்கிற மனிதர். வீட்டில் அவருடைய சொல் எடுபடாது.

“தாலி ஏறட்டும். பிறகு தெரிஞ்சாலும் அவையால ஒண்டும் செய்ய ஏலாது.”

நாலு மணிக்கு நிலாவெளியிலிருந்து வான் ஒன்று வந்து வாசலில் நின்றது. மாப்பிள்ளை றொஷானும் தாயும் இறங்கினார்கள். சின்ன ஜெபம் ஒன்று சொல்லி முடிய ஜெனிதா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

“சின்ன மகள் எங்க?” என்று றொஷானின் தாய் கேட்டாள்.

“அவள் கட்டைபறிச்சானில, மாமி வீட்டில நிக்கிறாள்,” என்றாள் மாகிரட்.

அந்த நேரம் பார்த்து நிலுஷா காதில் ஹெட்செட்டோடு ஓடிவந்தாள். சொன்னதெல்லாம் சந்தோசத்தில் மறந்துபோயிருந்தது.

“முடிச்சிட்டன்! முழுப் புத்தகமும் முடிச்சிட்டன்!”

றொஷானின் தாய் சிரித்தாள். “கெட்டிக்காரி. காதில என்ன மகள்?”

“இது வாசிச்சுக் காட்டும். நானும் கூடவே வாசிப்பன். எனக்குத் தனிய வாசிக்க எழுத்தெல்லாம் குழம்பும். ஆனா அது மூளைக் குறை இல்லையெண்டு சேர் சொன்னவர்.”

சிரிப்பு நின்றது. “ஆற்ற பிள்ளை இது?”

“பக்கத்து வீட்டுப் பிள்ளை,” என்றாள் மாகிரட். யோசித்துச் சொன்னதல்ல. ஆனாலும் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

“அதுதானே பாத்தன். பாவம். இதெல்லாம் பரம்பரையில வாறது. சம்பந்தம் செய்யேக்க இதையெல்லாம் பாக்காட்டி நாளைக்குப் பேரப்பிள்ளையளுக்கும் வந்திடும்.”

தட்டத்தோடு நின்ற ஜெனிதாவுக்கு வாய் இருந்தது. ஹெக்டருக்கும் இருந்தது. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. மூன்று பேரில் ஒருவராவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

நிலுஷா தாயைப் பார்த்தாள். பிறகு படம் இருந்த இடத்தைப் பார்த்தாள். போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் உள்ளே இருந்தவர்களுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஐந்தரைக்குள் எல்லாம் பேசி முடிந்தது. ஆவணியில் கலியாணம். ஒரு வருடமாக எந்தச் சொல்லைக் கேட்க மாகிரட் நேர்ந்துகொண்டு திரிந்தாளோ, அந்தச் சொல் கிடைத்துவிட்டது. உடம்பெல்லாம் கூசியது அவளுக்கு.

வழியனுப்ப வாசல் படலைவரைக்கும் எல்லோரும் வந்தார்கள். கனகரத்தினம் வீட்டு வாசற்படியில் நிலுஷா உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்தாள். வாகனத்தில் ஏறப்போன றொஷானின் தாய்க்கு அவளைக் கண்டதும் மனம் இளகியது. கிட்டப் போய் அவள் தலையைத் தடவினாள்.

“நல்ல பிள்ளை. எங்கட கலியாணத்துக்கு நீயும் கட்டாயம் வரவேணும், என்ன?”

நிலுஷா ஹெட்செட்டைக் கழற்றினாள். படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தாயை நேராகப் பார்த்தாள்.

“அந்த அன்ரி கூப்பிட்டால் வருவன்,” என்றாள்.